பாரிமுனைச் சந்துகளின் குப்பை: தொட்டியை எடுப்பதா, வண்டி வரும் நேரத்தை மாற்றுவதா?

அச்சுக்கூடத்தான் (இழையைத் தொடங்கியவர்)

ஆண்டர்சன் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். தலையில் பண்டலோடு இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைப்படியில் ஏறி வழிவிட வேண்டும். சந்தின் அகலம் அவ்வளவுதான். கீழே கடைகள், நடுவில் கிடங்குகள், மேல்மாடிகளில் குடும்பங்கள். சந்தின் வாயில் மாநகராட்சியின் சக்கரம் வைத்த பெரிய தொட்டி ஒன்று நிற்கிறது. அதை அப்புறப்படுத்தினால் சந்து சுத்தமாகிவிடும் என்று வியாபாரிகள் சிலர் ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். இன்னொரு தொட்டி வேண்டும் என்று மாடியில் குடியிருப்பவர்கள் வேறொரு மனு எழுதியிருக்கிறார்கள். இரண்டிலும் என் கையெழுத்தைக் கேட்டார்கள். போடுவதற்கு முன், ஒரு வாரம் கடையடைத்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து நடப்பதைப் பார்த்தேன்.

எட்டரை மணிக்கு ஷட்டர்கள் இறங்கத் தொடங்கும்போதுதான் குப்பையும் வெளியே வருகிறது. முதல் ஆளாக மீன்பாடி வண்டிக்காரர் (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) வந்துவிடுவார். அட்டைப்பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கிக் கட்டுவார். எங்கள் கட்டிங் மெஷினில் நாடா நாடாவாக விழும் காகிதச் சீவலைச் சாக்கோடு வாங்கிக்கொள்வார். ஆனால் அதற்குள் டீக்கடைப் பையன் சல்லடைத் தூளை அதன்மேல் கொட்டியிருந்தால் ஒரு தாளைக்கூட அவர் தொடமாட்டார், ஏனென்றால் பழைய பேப்பர் கடையில் நனைந்த காகிதத்தைத் தராசில் ஏற்றவே மாட்டார்கள். நல்ல விலைக்குப் போக வேண்டிய சரக்கு, ஒரு குவளைத் தேயிலைத்தூளால் குப்பையாகிவிடுகிறது. ஒன்பதரைக்கு மெஸ்ஸின் எச்சில் இலைகள் வரும். பத்து மணிக்கு மேல் பெருச்சாளிகள். பதினொன்றுக்குப் பாட்டில் பொறுக்க வருபவர்கள் தொட்டியைச் சாய்த்துத் தேடிவிட்டுச் சாய்த்தபடியே விட்டுப் போவார்கள். அதன் மறைவு, சிறுநீர் கழிக்க வருபவர்களுக்கு வசதியாகிவிடுகிறது. காலை ஏழு மணிக்கு, குப்பையை அமுக்கி ஏற்றும் காம்பாக்டர் லாரி வரும்போது தொட்டிக்குள் பாதியும் தரையில் பாதியும் கிடக்கும். இயந்திரக் கை தூக்கிக் கவிழ்க்க வேண்டியதை ஒரு பெண்மணி தகரத்தால் தள்ளி முறத்தில் அள்ளிக்கொண்டிருப்பார்.

போன சித்திரையில் இந்தக் குவியலில் யாரோ பீடித்துண்டைப் போட, அதையொட்டி இருக்கும் மின்சாரப் பில்லர் பெட்டி பற்றிக்கொண்டது. தீயணைப்பு வண்டி தெருவிலேயே நிற்க, குழாயை மட்டும் உள்ளே இழுத்து வந்தார்கள். ஒன்றரை நாள் மின்சாரம் இல்லை. முகூர்த்த மாதத்தில் அது எனக்கு என்ன செலவு வைத்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

எனக்குப் பட்டது இதுதான். குப்பை இரவு ஒன்பது மணிக்கு வெளியே வருகிறது, வண்டி காலை ஏழு மணிக்கு வருகிறது. நம் சந்துகளின் எல்லாக் கேடும் இந்தப் பத்து மணி நேரத்துக்குள் நடக்கிறது. இதை ஒரு மணி நேரமாகச் சுருக்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மூன்றாம்மாடி

நீங்கள் பதினொரு மணி வரை உட்கார்ந்து பார்த்ததற்கு நன்றி. அந்த நேரத்தில்தான் நான் வீட்டுக்கு நடந்து வருகிறேன். ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. இரண்டாம் ஷிப்ட் முடிந்து மண்ணடி மெட்ரோ நிலையத்தில் இறங்கும்போது பத்தே முக்கால் ஆகிவிடும். எங்கள் சந்திலும் தொட்டி வாயிலில்தான் நிற்கிறது. தெருவிளக்கு அதற்கு அந்தப் பக்கம் இருப்பதால் தொட்டியின் நிழல் ஆறேழு அடிக்கு உள்ளே விழும். அந்த நிழலில் ஆள் நிற்கிறாரா, நாய் படுத்திருக்கிறதா என்பது பக்கத்தில் போனால்தான் தெரியும். தரையில் இலைத்தண்ணீர் வழுக்கும் என்பதால் வேகமாகவும் நடக்க முடியாது. காதில் போனை வைத்துக்கொண்டு யாரிடமோ பேசுவதுபோல் பேசிக்கொண்டே அந்த ஆறடியைக் கடப்பது எனக்குப் பழகிவிட்டது. மறுமுனையில் யாரும் இருப்பதில்லை.

கண்காணிப்புக் கேமரா வைக்கலாம் என்று முன்பு ஒருவர் யோசனை சொன்னார். வைத்தார்கள். அது தொட்டியின் முதுகைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

குடியிருப்பவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குப்பையைத் தூக்கி வீசுகிறவர்கள் நாங்கள்தான் என்று வணிகர்கள் சங்கத்தில் பேசப்படுவதை அறிவேன். காலையில் பேட்டரி வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு பெரிய தெருவோடு போய்விடும். அது சந்துக்குள் நுழையாது. பாட்டுச் சத்தம் மூன்றாம் மாடிக்கு எட்டி, நான் இரண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு அறுபது படி இறங்குவதற்குள் அது அடுத்த தெருவில் இருக்கும். காய்கறி வாங்கக் கயிற்றில் கூடை இறக்குகிறோமே, அதே கூடையில் குப்பையையும் இறக்கலாம். கீழே வாங்கிக்கொள்ள ஓர் ஆள், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் நிற்க வேண்டும். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

---

மஸ்டர் எழுதியவன்

முப்பத்தோரு ஆண்டுகள் சுகாதாரப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வடசென்னையில் பல கோட்டங்களில் காலை மஸ்டர் (பணியாளர் வருகைப் பதிவு) எடுத்திருக்கிறேன். தம்பி கேட்ட கேள்வி சரியான கேள்வி; ஆனால் வண்டி ஏன் ஏழு மணிக்கு வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதை மாற்ற முடியும்.

முதல் காரணம் லாரி. பகலில் என்.எஸ்.சி. போஸ் சாலையையும் பிராட்வேயையும் தாண்டிக் காம்பாக்டரைக் கொண்டுவந்து ஒரு சந்தின் முன் பத்து நிமிடம் நிறுத்தவே இயலாது. எனவே விடியற்காலையில் பெரிய தெருக்களை முடித்துக்கொண்டு, பிறகு சந்து வாய்களுக்கு வந்து, நெரிசல் தொடங்கும் முன் கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குத் திரும்பிவிட வேண்டும்.

இரண்டாவது காரணம் கணக்கு. 2000ஆம் ஆண்டில் சில மண்டலங்களின் குப்பை முதன்முதலாகத் தனியாரிடம் கொடுக்கப்பட்டபோது டன்னுக்கு இவ்வளவு என்று பணம் பேசப்பட்டது. எடைக்குப் பணம் என்றால் லாரி கனமான குப்பையைத் தேடித்தான் போகும். கட்டட இடிபாடுகூட ஏறும். உங்கள் சந்துக் குப்பையோ அட்டை, தெர்மாகோல், நெகிழி உறை, பூச்சரம். இடத்தை அடைக்கும், நேரத்தைத் தின்னும், எடை வராது. ஒரு சந்தைச் சுத்தம் செய்யும் நேரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் குப்பையை ஏற்றிவிடலாம். 2020இல் தெற்கிலும் மேற்கிலும் உள்ள ஏழு மண்டலங்களுக்கான ஒப்பந்தத்தில் எடைக்கணக்கைக் கைவிட்டு, வேலை எப்படி நடந்திருக்கிறது என்பதைப் பார்த்துப் பணம் கொடுக்கும் முறைக்கு மாறினார்கள். எடைக்கணக்கு தாள்களிலிருந்து போய்விட்டது. சந்தைக் கடைசியில் வைக்கும் வழக்கம் போகவில்லை.

மூன்றாவது காரணத்தை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். இந்நகரின் பழைய பகுதிகளில் வீடுகளின் முதுகுப்புறமாக ஓடும் குறுகிய சந்துகள் பலவும் எதற்காக விடப்பட்டன தெரியுமா? உலர்கழிப்பிடக் காலத்தில், வீட்டுக்காரர்கள் முகம் பார்க்காமல் மலம் அள்ளுபவர் வந்துபோவதற்காக. பாதாளச் சாக்கடை வந்ததும் அந்த வேலை அங்கே முடிந்தது. 1993இலும் 2013இலும் அதைத் தடைசெய்யும் சட்டங்களும் வந்தன. ஆனால் அந்தப் பக்கம் நமக்குச் சொந்தமானதல்ல, யாரோ வந்து அள்ளிக்கொண்டு போக வேண்டிய பக்கம் என்கிற எண்ணம் மட்டும் சுவரில் ஊறிய ஈரம்போல இன்னும் இருக்கிறது. முன்வாசலில் கோலம் போடும் வீட்டிலிருந்துதான் பின்சன்னல் வழியாகப் பை பறந்து வரும். எத்தனையோ காலை நேரங்களில் என் ஆள்களின் தலையிலேயே விழுந்திருக்கிறது.

இரவில் எடுக்கலாம், முடியாத காரியமல்ல. பெரிய சாலைகளில் இரவுத் துப்புரவு நடக்கத்தான் செய்கிறது. ஆனால் இரவு வேலை என்றவுடன், யாரை அனுப்பப் போகிறீர்கள் என்று நான் கேட்பேன். பெருக்கும் பணியாளர்களில் பெண்களே மிகுதி. புளியந்தோப்பிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் நடந்தும் பேருந்திலும் வருகிறார்கள். அவர்களுக்கு இரவு பதினொரு மணிக்குத் திரும்பிச் செல்ல வாகனம், போய்வரக் கழிப்பறை, கையுறை, வேலை நிரந்தரம் ஆகியவை பற்றிப் பேசாமல், மூன்றாம் மாடிப் பெண் பாதுகாப்பாக நடக்க வேண்டும் என்று மட்டும் பேசினால் அதே இருட்டுக்குள் இன்னொரு பெண்ணைத் தள்ளுகிறோம் என்று பொருள். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். உங்கள் சந்தும் ராயபுரம் மண்டலத்தில்தான் வருகிறது.

---

தேவராஜ முதலி தெரு

கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். இரவு வண்டி வேண்டும் என்றால் அதற்கும் ஒரு கட்டணம் வரும், அது எங்கள் தலையில்தான் விழும். சொத்து வரியோடு ஏற்கெனவே கட்டுகிறோம். தவிர, உடைந்த கண்ணாடியை எந்த வண்டியும் வாங்குவதில்லை. எந்த நேரத்தில் வந்தாலும் எங்கள் சிக்கல் அப்படியேதான் இருக்கும். ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை.

---

கடல்கடந்த ராயபுரத்தான்

பிறந்தது ராயபுரத்தில், கடந்த பதினான்கு ஆண்டுகளாக அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருக்கிறேன். அங்கும் இதே சிக்கல் இருந்தது என்பதால் எழுதுகிறேன். நகர மையத்தில் கட்டடங்களின் பின்புறச் சந்துகளில் பெரிய இரும்புத் தொட்டிகள் வரிசையாக நிற்கும். அவற்றின் மறைவில் போதைப்பொருள் விற்பனை முதல் எல்லாம் நடக்கும். 2009 முதல் அத்தொட்டிகளைச் சந்துகளிலிருந்து அகற்றிவிட்டார்கள். கடைக்காரர்கள் முன்பணம் கட்டி வாங்கும் பைகளில் குப்பையைக் கட்டி வைக்க வேண்டும். வண்டி ஒரு நாளில் பலமுறை வந்து பைகளை எடுத்துச் செல்லும். பயனியர் சதுக்கம் என்னும் பழைய பகுதியில், தொட்டி போன பிறகு சில சந்துகளில் மேசை போட்டு விழா நடத்தும் அளவுக்கு நிலைமை மாறியது.

இதைக் கேட்டவுடன் பைதான் தீர்வு என்று முடிவுகட்ட வேண்டாம். நியூயார்க் நகரம் நேர்எதிர்த் திசையில் போகிறது. அங்கே பல பத்தாண்டுகளாக நடைபாதையில் கறுப்புப் பைகளைக் குவித்து எலிகளை வளர்த்தார்கள். 2023இல், மாலை நான்கு மணிக்கே பைகளை வெளியே வைக்கும் வழக்கத்தை மாற்றி, இரவு எட்டு மணிக்குப் பிறகே வைக்க வேண்டும் என்றார்கள். 2024 மார்ச் முதல் எல்லா வணிக நிறுவனங்களும் மூடியுள்ள தொட்டியில்தான் குப்பையை வைக்க வேண்டும். ஒரு நகரம் தொட்டியை விட்டுப் பைக்கும், மற்றொன்று பையை விட்டுத் தொட்டிக்கும் போயிருக்கின்றன. இரண்டிலும் பொதுவாக இருப்பது அச்சுக்கூடத்தார் சொன்னதுதான். குப்பை வெளியே காத்திருக்கும் நேரத்தை வெட்டியிருக்கிறார்கள். தைவானின் தைபே நகரில் இதை முற்றாகவே ஒழித்துவிட்டார்கள். அங்கே குப்பை தரையைத் தொடக்கூடாது என்பது விதி. வண்டி இசையோடு குறித்த நேரத்துக்கு வரும், மக்கள் பையோடு வந்து நின்று தாங்களே வண்டியில் போடுவார்கள்.

---

மஸ்டர் எழுதியவன்

தைபே முறை நம் ஊருக்கு ஒத்துவரும். சியாட்டில் முறை ஒத்துவராது, காரணம் பெருச்சாளி. ஜார்ஜ் டவுனில் தரையில் வைத்த பை அரை மணி நேரம் தாங்காது. பெருச்சாளி கிழித்ததை நாய் இழுக்கும், நாய் விட்டதை மாடு தின்னும், மிச்சம் மழைநீர் வடிகாலில் இறங்கும். ஐப்பசி மழையில் உங்கள் சந்து ஏன் முழங்கால் அளவு நிற்கிறது என்பதை வடிகால் மூடியைத் திறந்து பார்த்தால் தெரியும்: டீக் கோப்பையும் பண்டல் கட்டும் நெகிழி நாடாவும். எலிச் சிறுநீர் கலந்த அந்தத் தண்ணீரில் செருப்பில்லாமல் இறங்கி எலிக்காய்ச்சல் வாங்கிக்கொண்ட என் ஆள்கள் உண்டு.

எனவே குப்பையைக் கடைக்குள்ளேயே, மூடியுள்ள வாளியில் வைத்திருங்கள். விசில் ஊதினால் வெளியே கொண்டுவந்து கைக்குக் கை கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை மக்கும், மக்காத, தீங்கு தரும் என்று பிரித்துத் தர வேண்டியது உண்டாக்குபவரின் கடமை என்றே சொல்லியிருந்தன. தெருவோரக் கடைக்காரரும் தமக்கெனத் தனித் தொட்டி வைத்திருக்க வேண்டும் என்றும் அவற்றில் இருந்தது. கண்ணாடிக்கடை நண்பருக்கு: உடைந்த கண்ணாடியை அட்டைப்பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, மேலே ‘கண்ணாடி’ என்று மார்க்கரில் எழுதித் தனியாகக் கொடுங்கள். வாங்காததற்குக் காரணம் திமிர் இல்லை ஐயா. சாக்கில் மறைந்திருந்த கண்ணாடிச் சில்லால் உள்ளங்கை கிழிந்து ஏழு தையல் போட்டவரை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். அவர் எந்தத் தெருவில் அள்ளும்போது அது நடந்தது என்று சொல்லமாட்டேன்.

---

தேவராஜ முதலி தெரு

டேப் ஒட்டுகிறோம்.

---

அச்சுக்கூடத்தான்

ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

இரண்டு மனுக்களையும் சேர்த்து ஒன்றாக எழுதினோம். தொட்டியைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. இரவு ஒன்பதே கால் மணிக்கு ஒரு பேட்டரி வண்டி பெரிய தெருவில் இருபது நிமிடம் நிற்க வேண்டும் என்பதை மட்டும் கேட்டோம். கோட்ட அலுவலகத்தில் முதலில் சிரித்தார்கள். மூன்றாவது முறை போனபோது, பக்கத்துச் சாலையில் ஏற்கெனவே இரவு வேலைக்கு வரும் ஒரு வண்டியை எங்கள் முனை வழியாகத் திருப்பிவிட ஒப்புக்கொண்டார்கள். அந்த வண்டியில் வருபவர்கள் ஆண்கள் இருவர். வாகன வசதி அவர்களுக்கு முன்பே இருக்கிறது. கூடுதல் வேலை நேரமோ கூடுதல் கட்டணமோ இல்லை, பாதை மட்டும் மாறியது.

சந்துக்குள்ளிருந்து முனை வரை கொண்டுவருவது எங்கள் பொறுப்பு. பதினான்கு கடைகள் சேர்ந்து ஒரு தள்ளுவண்டி வாங்கினோம். சந்தின் அகலத்தை அளந்து பட்டறையில் சொல்லிச் செய்தது. எட்டரைக்கு மீன்பாடி வண்டிக்காரர் காய்ந்ததை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் ஈரக்குப்பை வெளியே வர வேண்டும் என்பது எங்கள் ஒரே கட்டுப்பாடு. டீக்கடையில் தூளுக்கென்று பெயின்ட் வாளி ஒன்று வைத்திருக்கிறார்கள். அட்டை நனையாததால் மீன்பாடி வண்டிக்காரருக்கு முன்பைவிட நல்ல வரும்படி; விசிலை இப்போது அவர்தான் ஊதுகிறார், யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரத்தில் தொட்டி காலியாகவே நிற்பதைப் பார்த்து மாநகராட்சி ஆள்களே அதை உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிறகுதான் எதிர்பாராத தொல்லை வந்தது. தொட்டி இருந்த வட்டத்தில், வெளித்தெருவிலிருந்து வருபவர்கள் தொட்டி இல்லாமலேயே கொட்டத் தொடங்கினார்கள். பழக்கத்தில் கால் அங்கே வந்து நின்று கை வீசிவிடுகிறது. அபராதம் என்று பலகை எழுதி வைத்தோம். பலகையின் அடியிலேயே கொட்டினார்கள். இரண்டே நாளில் அந்த இடத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள்களும் வந்து நின்று வழியை மறித்தன. கடைசியில், எதிர்ச் சுவரோரம் நின்றுகொண்டிருந்த இஸ்திரி வண்டியை அந்த இடத்துக்கு மாற்றிக்கொள்ளும்படி கேட்டோம். என் கடையிலிருந்து ஒரு பல்பு இழுத்துக் கொடுத்திருக்கிறேன். அவர் ஒன்பதரை வரை தேய்க்கிறார். தேய்த்த வேட்டிகள் அடுக்கியிருக்கும் இடத்தில் குப்பையை வீச இதுவரை யாருக்கும் மனம் வரவில்லை.

பெருச்சாளிகள் போய்விடவில்லை. வேறு சந்துக்குக் குடிபெயர்ந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். அந்தச் சந்துக்காரர்கள் இந்த இழையைப் படித்தால் என்னைத் திட்டலாம்.

---

மூன்றாம்மாடி

இவருடைய சந்துக்கு அடுத்த சந்துதான் என்னுடையது. அந்தப் பெருச்சாளிகள் எங்களிடம்தான் இருக்கின்றன.

போன வாரம் அவர்களுடைய சந்து வழியாக நடந்து பார்த்தேன். பத்தே முக்காலுக்கு இஸ்திரிக்காரர் இல்லை, ஆனால் பல்பு எரிந்துகொண்டிருந்தது; முனையில் நின்றாலே கடைசிக் கதவு வரை தெரிந்தது. போனைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

எங்கள் சந்திலும் தொடங்கலாம் என்று ஆறு குடும்பங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. கூடைக்கு நைலான் கயிறும் வாங்கியாகிவிட்டது. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஞாயிற்றுக்கிழமை இல்லையே, கவனித்தீர்களா? கடைகளுக்கு விடுமுறை, மீன்பாடி வண்டியும் வராது, இரவு வண்டியும் அந்தப் பக்கம் திரும்பாது. வீடுகளில் மீனும் கறியும் சமைப்பது அன்றைக்குத்தான். செதிலையும் எலும்பையும் திங்கள் இரவு வரை மூன்றாம் மாடியில் வைத்திருக்க முடியாது. ஞாயிறு மாலை மட்டும் அந்தத் தள்ளுவண்டியின் சாவியை எங்களிடம் கொடுத்தால், முனை வரை நாங்களே தள்ளிக்கொண்டு வருகிறோம். அங்கிருந்து எடுக்கக் கோட்ட அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று மஸ்டர் ஐயா சொல்லுங்கள்.

---

மஸ்டர் எழுதியவன்

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மஸ்டர் எடுக்கும் இடத்துக்கு வாருங்கள் அம்மா, அலுவலகத்துக்கு வேண்டாம். நானும் வருகிறேன். மனுவோடு, ஞாயிற்றுக்கிழமை எத்தனை வீட்டிலிருந்து எத்தனை வாளி வரும் என்று எழுதிய தாள் ஒன்றும் கொண்டுவாருங்கள். மேற்பார்வையாளர் முதலில் அதைத்தான் கேட்பார்.